சென்ட் தோமஸ் தீவில் எட்டு மணித்தியாலம்: ஐந்து வயது மகளுக்கு ஆமை காட்டிய கதை

சின்னப் பிள்ளையோடு கரிபியன் கப்பலில் போகிற எல்லோருக்கும் ஒரே தலையிடிதான். கப்பல் கரையில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் பிள்ளையை எங்கே கொண்டுபோவது? நான் மூன்று மாதம் இதைத் தேடினேன். நாங்கள் டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் இருக்கிறோம். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை, இவருக்குத் தொழிற்சாலையில். பெப்ரவரியில், வருடத்தின் ஏழாம் வாரத்தில் வருகிற பள்ளிக் குளிர்கால விடுமுறையோடு சில நாட்களைச் சேர்த்து எடுத்தோம். பில்லுண்ட் விமான நிலையத்துக்குக் காரில் ஐம்பது நிமிடம், அம்ஸ்ரடாம் வழியாக மயாமி, அங்கிருந்து ஏழு இரவுக் கப்பல். மகள் ஆரணிக்கு நாங்கள் கொடுத்த வாக்கு ஒன்றுதான்: கடலில் நீந்துகிற உயிருள்ள ஆமையைக் காட்டுவோம்.

சென்ட் தோமஸில் இறங்குகிறவர்களுக்குக் கப்பல்காரர் ஒரு பட்டியல் தருவார்கள். படகில் போய் ஆமைகளோடு நீந்துவது நாலு மணித்தியாலம், ஐந்து வயதிலிருந்து போகலாம். அதை முதலில் வெட்டினேன். பிள்ளை சின்னன் என்றேன். நாலு மாதக் குழந்தையாக இருந்த நாளிலிருந்து சனிக்கிழமை தோறும் இவர் நீச்சல் மண்டபத்துக்குக் கொண்டுபோன பிள்ளை அது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மீன் காட்சியகம் பிள்ளைக்கு அலுத்துவிடும் என்று இவர் அதை வெட்டினார். கடைசியில் புறூவர்ஸ் குடா என்ற கடற்கரையைப் பிடித்தேன். அலை குறைவு, நுழைவுக் கட்டணம் இல்லை, ஆமைகள் தலை தூக்குவது கரையிலிருந்தே தெரியுமாம். இதுதான் குழந்தைக்கு ஏற்ற இடம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

காலை எட்டு மணிக்குக் கப்பலைக் கரையில் கட்டினார்கள். மாலை நாலரைக்குள் திரும்ப ஏறவேண்டும். ஆரணிக்கு முன்பள்ளியின் மஞ்சள் அங்கியைப் போட்டுவிட்டேன். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும்போது தொலையாமல் இருக்க மாட்டிவிடுவார்களே, முதுகில் முன்பள்ளியின் தொலைபேசி எண்ணோடு, அதேதான். விடுமுறைக்கென்று ஆசிரியையிடம் கேட்டு இரவல் வாங்கியிருந்தேன். கப்பலில் பலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நகரத்துக்குள் ஒரு மணித்தியாலம் நடந்தோம். தெருப் பெயர்ப்பலகைகளைப் பார்த்த ஆரணிக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. எல்லாப் பெயரும் தெரு என்பதற்கான டெனிஷ் சொல்லான ‘கேத’ என்று முடிந்தது, இக்காஸ்டில் எங்கள் தெருவின் பெயரைப் போலவே. நூறு வருடங்களுக்கு முன் டென்மார்க் அமெரிக்காவுக்கு விற்ற தீவு இது. படித்ததுதான், ஆனாலும் எங்கள் பனையைப் போன்ற ஏதோ ஒரு மரத்தின் கீழ் டெனிஷ் பலகையைக் கண்டதும் எனக்கும் ஒரு புதினமாகத்தான் இருந்தது.

கடற்கரைக்கு, உட்கார வாங்கு போட்ட திறந்த லொறியில் போனோம், ஆளுக்கு எட்டு டொலர், பதினைந்து நிமிடம். நான் பிறந்த சுன்னாகம் மாதிரி இடப்பக்கமாக ஓடுகிறார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று சாரதி ஆங்கிலத்தில் கேட்டார். டென்மார்க் என்றோம். மூவரையும் திரும்பிப் பார்த்துவிட்டு, உங்கள் ஆட்கள் தெருப் பலகையையும் சேர்த்து விற்றுவிட்டுப் போனார்கள் என்று சிரித்தார். அந்தத் தெருக்களில் மனிதரையே விற்ற காலமும் அவர்களுடையதுதான் என்று பிறகு சிரிக்காமல் சொன்னார். அப்போது என் ஆட்கள் சுன்னாகத்தில் புகையிலை நட்டுக்கொண்டிருந்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கைப்பையில் டெனிஷ் கடவுச்சீட்டு இருப்பது நினைவுக்கு வந்தது.

பத்தே முக்காலுக்கு இவர் நீச்சல் முகமூடியோடு தண்ணீரில் இறங்கினார். ஐந்து நிமிடத்தில் இருபது மீற்றர் தள்ளி நின்று கையைத் தூக்கினார். ஆமை! நான் கணுக்கால் தண்ணீரில் நின்றேன், ஆரணி என் கையைப் பிடித்தபடி. “போ அம்மா, அப்பா நிக்கிறார்” என்றேன். அவள் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், திரும்பவும் என் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் எதைக் கேட்டாலும் டெனிஷில் பதில் சொல்கிற பிள்ளை, தமிழில் சொன்னாள்:

“மோர், எனக்கும் பயம்.”

மோர் என்றால் டெனிஷில் அம்மா. பயம் என்ற சொல் அவளுக்கு என்னிடமிருந்து வந்தது. ‘பயம், கிட்டப் போகாதை’ என்று நாளுக்குப் பத்துத் தரம் சொல்கிறவள் நான்தான்.

உண்மையை எழுதிவிடுகிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. ஏழு வயதில் கீரிமலைக் கேணியில் வழுக்கி விழுந்து, மாமி தலைமயிரைப் பிடித்து இழுத்தெடுத்தார். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீர் கண்டதில்லை. மூன்று மாதம் நான் தேடியது குழந்தைக்கு ஏற்ற இடத்தை அல்ல, எனக்கு ஏற்ற இடத்தை. வெட்கமாக இருந்தது. மீன்குஞ்சு மாதிரி நீந்துகிற பிள்ளையை நானே கரையில் கட்டிப்போடுகிறேனே என்று பதறிப்போனேன்.

“நானும் வாறன். என்ரை கையை விடாதை” என்றேன்.

ஆரணி யோசித்தாள். பிறகு மஞ்சள் அங்கியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். தொலைந்துபோகக் கூடியவர்தான் இதைப் போடவேண்டும் என்று டெனிஷில் விளக்கமும் தந்தாள். என் முழங்கைக்கு மேல் அது ஏறவில்லை. கழுத்தில் சுற்றிக்கொண்டேன்.

முழங்கால். இடுப்பு. நெஞ்சு. “இன்னும் நாலடிதான். கீழை மணல், வழுக்காது” என்றார் இவர். அவர் தந்த முகமூடியை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். என் கால்விரல்கள், கடற்புல், அந்தப் புல்லை மாடு மாதிரி ஆறுதலாக மேய்ந்துகொண்டு ஓர் ஆமை. நான் நிமிர்ந்தபோது அது மூச்செடுக்க மேலே வந்த சத்தம்கூடக் கேட்டது. ஆரணி என் கையை உதறிவிட்டு அப்பாவின் பக்கமாக நீந்திப்போனாள். அவள் திரும்பியே பார்க்கவில்லை. அதைவிடச் சந்தோசம் அந்தப் பயணத்தில் எனக்கு வேறில்லை.

போகிறவர்களுக்குச் சில விசயம். ஆமையைத் தொடக்கூடாது, மூன்று மீற்றராவது தள்ளி நில்லுங்கள். பவளப்பாறைக்குக் கேடான வெயில் பூச்சு அந்தத் தீவில் தடை, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். கடற்கரையில் கடை எதையும் நான் காணவில்லை, சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோங்கள். திரும்ப ஏற்றுகிற நேரத்தைச் சாரதியோடு முதலே பேசி வையுங்கள். எங்கள் கப்பல் நேரம் தீவு நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தது, மணிக்கூட்டை மாற்றிவிடாதீர்கள். பட்டியலில் வயதெல்லை பார்க்கும்போது, உங்கள் வீட்டில் உண்மையில் யாருக்குப் பயம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இக்காஸ்டுக்குத் திரும்பிய பிறகு அங்கியைத் தோய்த்து முன்பள்ளிக்குக் கொண்டுபோனேன். ஆரணி கொடுக்க விடவில்லை. மோருக்கு இன்னும் தேவை என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டாள். ஏன் என்று அவர் என்னைப் பார்த்தார். நீச்சல் வகுப்புக்குப் போகிறேன் என்று சட்டென்று வாயில் வந்துவிட்டது. அதுவரை அப்படி ஒரு எண்ணமே எனக்கு இருந்ததில்லை. ஆரணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரமே போய் வகுப்பில் சேர்ந்தேன்.