நாங்கள் சுவீடன்காரராக இருந்த ஞாயிறு

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில், என் வீட்டுக்குப் பின்னால் சின்னச் சின்னத் தோட்டங்கள் உண்டு. போன சனிக்கிழமை அங்கே யாரோ ஈர வைக்கோலைக் கொளுத்தப் பார்த்திருக்கிறார்கள். தீப்பிடிக்கவில்லை, புகைதான் வந்தது. ஜன்னலைச் சாத்தச் சொன்னாள் மனைவி. நான் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் புகைக்கும் எனக்கும் பழைய சொந்தம்.

எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து, கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, முகாம் முகாமாக மாறி, கடைசியில் நாங்கள் நான்கு பேர் வெஸ்ட்ஃபாலியாவில் ஒரு கிராமத்துப் பழைய பள்ளிக்கூட மாடிக்கு வந்து சேர்ந்தோம். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு மதுச்சாலை, மனிதரைவிட அதிகமாகப் பன்றிகள். எங்களில் மூத்தவர் சபாநாதன் அண்ணை. ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். மூன்று மாத ஜெர்மன் வகுப்புக்குப் போன காரணத்தால் நான் மொழிபெயர்ப்பாளன். விளங்காத எல்லாவற்றுக்கும் ‘யா’ என்று தலையாட்டுவேன். நல்ல பிள்ளை என்று ஊரில் பெயரெடுத்தது அப்படித்தான்.

ஊர்ச் சரித்திரச் சங்கத் தலைவி லூட்மன் அம்மையார் ஒருநாள் படியேறி வந்து வேகமாகப் பேசினார். ஞாயிறு, நால்வரும், சுவீடன் என்ற மூன்று மட்டும் எனக்குப் பிடிபட்டன. ‘யா’ என்றேன். கை குலுக்கிவிட்டுப் போனார்.

“என்னவாம்?” என்றார் அண்ணை.

“ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சுவீடனுக்கு அனுப்பப் போகினமாம்.”

அண்ணை கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தார். “அங்க இன்னும் குளிரெல்லோ,” என்றார். “அன்ட்ராக், அகதி விண்ணப்பம் எல்லாம் திரும்ப முதலிலயிருந்து நிரப்ப வேணும்.”

ஞாயிறு காலை நால்வரும் பெட்டிகளோடு தேவாலய முற்றத்தில் போய் நின்றோம். எங்கள் கையில் மஞ்சள் கம்பளி நூலில் செய்த நான்கு பொய்முடிகளைக் கொடுத்தார்கள். பிறகுதான் லூட்மன் அம்மையார் படம் காட்டி விளக்கினார். முன்னொரு காலத்துப் போரில் சுவீடன் படை வந்து அந்த ஊரைக் கொளுத்தியதாம். ஊர் விழாவில் அதை நடித்துக் காட்டப் போகிறார்கள். இன்று ஒத்திகை. சொந்த ஊரைக் கொளுத்தியவன் என்ற பேரை எடுக்க உள்ளூரில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அண்ணை பொய்முடியைத் திருப்பிக் கொடுத்தார். “நெருப்பு வைச்சவங்களிட்டயிருந்து ஓடி வந்தனான். நான் வைக்க மாட்டன். ஏலாதெண்டு சொல்லு.”

அந்த ஊரில் முதல்முறையாக ‘யா’வுக்குப் பதில் ‘நைன்’ என்றேன்.

ஒத்திகை தொடங்கியது. ஊர்க்காரர்கள் கையை வீசிக்கொண்டு, சிரித்துக் கதைத்தபடி ஓடினார்கள். பார்த்துக்கொண்டிருந்த அண்ணைக்குப் பொறுக்கவில்லை. “உப்பிடி ஒருத்தரும் ஓடமாட்டினம். சனம் எதையாவது தூக்கிக்கொண்டுதான் ஓடும். சொல்லு அவைக்கு.”

சொன்னேன். ஓடியவர்கள் நின்றார்கள். “எங்கள் அம்மா இறகுப் போர்வையைத் தூக்கினார்,” என்றார் லூட்மன் அம்மையார். இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில், ஆறு வயதில், கிழக்கிலிருந்து தாயோடு ஓடி வந்தவராம் அவர். ஊருக்கே அது மறந்துபோயிருந்தது. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் ஒரு போர்வையோடு திரும்பி வந்தார்.

அடுத்த ஞாயிறு விழா. முதல்நாள் மழையில் வைக்கோல் நனைந்துவிட்டது. எத்தனை தீக்குச்சி கிழித்தும் புகைதான். குழாயோடு காத்திருந்த தீயணைப்புக்காரர்களின் முகங்கள் வாடிப்போயின. சுவீடன்காரரான மற்ற மூவரும் இருமி இருமித் தமிழில் கத்தினோம். அசல் சுவீடிஷ் என்று நினைத்துச் சனம் கைதட்டியது.

தப்பி ஓடும் சனத்துக்கு முன்னால், பெட்டியோடு அண்ணையும் போர்வையோடு லூட்மன் அம்மையாரும் ஓடினார்கள். தேவாலய மதிலோடு நிற்க வேண்டும். அம்மையார் நின்றார். அண்ணை நிற்கவில்லை. பேக்கரியைத் தாண்டி பஸ் தரிப்பிடம் வரைக்கும் ஓடினார். மஞ்சள் முடி பறக்க நானும் துரத்தினேன். அதற்கும் கைதட்டினார்கள்.

“அண்ணை, காணும். நாடகம் முடிஞ்சுது.”

பெட்டிமேல் இருந்து மூச்சு வாங்கினார். “தெரியும். கால் கேக்கேல்லை.”

லூட்மன் அம்மையார் வந்து அவர் தோளில் போர்வையைப் போர்த்தினார். அப்போது பஸ் வந்தது. மூன்று பேரா என்று சாரதி கேட்டார். பழக்கதோஷத்தில் ‘யா’ என்றேன். சேற்றுச் சப்பாத்தும் பொய்முடியுமாகப் பக்கத்து நகரம் வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் அண்ணை சிரித்துக்கொண்டே வந்தார்.

பேக்கரி இப்போது இல்லை. மதுச்சாலையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ஞாயிறுகளில் பஸ் கிடையாது. அம்மையாரும் போய்ச் சேர்ந்தார், அண்ணையும் போய்விட்டார். ஆளில்லாமல் சங்கத்தையும் கலைத்துவிட்டார்கள். சங்கம் பழைய பொருள்களை வைத்திருந்த சரித்திர அறையின் சாவி இப்போது இருக்கும் பெண்ணுக்கு, அந்தப் புகை வந்த சனிக்கிழமைக்குப் பிறகு, திங்கட்கிழமை போன் எடுத்தேன். அப்படி ஒரு நாடகம் நடந்தது அவருக்குத் தெரியாது. “பதினொரு வருடமாக இங்கே இருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது,” என்று வெட்கத்தோடு சிரித்தார்.

எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, அங்கே அப்போது இருந்தவர்களின் பெயர்களை நான் வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினேன்.

“கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்,” என்றார். “எழுதிக்கொள்கிறேன்.”