குடிக்காதவனின் தள்ளாட்டம்

எனக்கு நோய் வந்தது இருமலில் தெரியவில்லை. பந்தில் தெரிந்தது.

நான் சென்டர் ஹாப் ஆடியவன். மைதானத்தின் நடுவில் நின்று, பின்னால் இருப்பவர்களிடம் பந்தை வாங்கி முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுப்பது என் வேலை. கோல் அடிக்கிறவனுக்கு மாலை, கோலை விடுகிறவனுக்குத் திட்டு. நடுவில் ஆடுகிறவனுக்கு இரண்டும் கிடையாது, ஓட்டம் மட்டும்தான். ஒரு மாசி மாத ஆட்டத்தில், வழக்கமாக நான் போய் நிற்கிற இடத்துக்குப் பந்து வந்தது, நான் வரவில்லை. அடுத்த பந்துக்கும் அப்படியே ஆயிற்று. இடைவேளையில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை.

"இன்னா மாப்ள, கல்யாணம் ஆனதும் கால் சுருங்கிப்போச்சா?" என்றார் தணிகாசலம். அவர் எங்கள் கேப்டன், என் மனைவி செங்கேணிக்கு அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு இருமலானது. துப்பியது சிவப்பாக இருந்தது. வெற்றிலை போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர் பாகூர்ப் பக்கம். கொஞ்சம் நெல் நிலம் உண்டு, அது சோறு போடும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. பந்தாடத் தெரிந்ததால் நகரத்து மில் ஒன்றில் வேலை கொடுத்தார்கள். மில் டீமுக்கு ஆட வேண்டும், மற்ற நேரத்தில் தறிப் பக்கம் நிற்க வேண்டும். கால் இருக்கும்வரை வேலை இருக்கும் என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த ஒப்பந்தம்.

டீமில் என் பெயர் 'இத்தாலி'. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன வருஷம், எங்களோடு பந்தாடிக்கொண்டிருந்த ஓர் அதிகாரி தன்னுடைய விளையாட்டுப் பத்திரிகைகளை எல்லாம் எங்களிடம் விட்டுப் போனார். எங்களில் பாதிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது, படம்தான் பார்ப்போம். அதில் இத்தாலி நாட்டு ஹாப் ஒருவன் இருந்தான். ஒவ்வொரு இதழிலும் வருவான், ஒரு டீமிலிருந்து இன்னொரு டீமுக்குப் போவான், சட்டை மட்டும் மாறும். ஒரு படத்தில் பந்து இன்னும் அவன் காலுக்கு வரவில்லை. அவனோ தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. பந்து வருவதற்கு முன்பே சுற்றிப் பார்த்து, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிடுவேன். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் படத்தை வெட்டி என் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வைத்தேன்.

சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது, விடவில்லை. நகரத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். சளிச் சோதனையும் (சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் காசம் என்றார் டாக்டர்.

"பந்தாட முடியுமா சார்?" என்று கேட்டேன்.

"முதல்ல ஒழுங்கா மூச்சு விடுப்பா. பந்து எங்கயும் ஓடிப்போவாது."

பந்து ஓடாது, சரி. மில் மேனேஜர் அடுத்த சீசன் வரைதான் என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் நான் ஓட வேண்டும். வைத்தியம் முழுக்க என் தலையில் இருந்தது அது ஒன்றுதான்.

ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) தினமும் இடுப்பில் போட்டார்கள். கூடவே வாயைக் கசப்பாக்கும் மாத்திரைகள். செங்கேணி முட்டையும் மீனுமாகத் திணித்தாள். காய்ச்சல் நின்றது, எடை ஏறியது, சளி சுத்தமானது. இந்த ஊசி என்னைப் பிழைக்க வைத்தது. பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு யாரும் ஊசிக்குப் பயந்து ஓட வேண்டாம். முன்பெல்லாம் இந்த நோய்க்கு வீட்டுக்கு ஒன்று இரண்டு என்று வாரிக் கொடுத்திருக்கிறோம்.

நெஞ்சு தேறிக்கொண்டிருந்தபோது வேறொன்று தொடங்கியது. தலைசுற்றல் என்று சொல்லிவிட்டால் அது தப்பு, தலை சுற்றவில்லை. நடந்தால் எதிரே இருக்கிற பனைமரங்கள் குதித்தன. நின்றால் அவையும் நின்றன. தரை வைக்கோலைப் பரப்பி வைத்த மாதிரி மெத்தென்று இருந்தது. முகம் கழுவக் கண்ணை மூடினால் தவலைமேல் சாய்ந்தேன். ஊசி போடுகிற கம்பவுண்டரிடம் சொன்னேன்.

"பலவீனம்பா. இன்னொரு முட்டை சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டேன். முட்டை செரித்தது, பனைமரம் குதித்துக்கொண்டேதான் இருந்தது.

இனி எங்கள் ஊர் விஷயம். எல்லைக்கு அந்தப் பக்கம், சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. இந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் மண்ணில், சாராயக் கடை திறந்தே இருக்கும். கடலூரிலிருந்து சைக்கிளில் நேராக வருகிறவர்கள், திரும்பும்போது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கோணல்மாணலாகப் போவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஜனங்கள் நாங்கள். சாலையில் ஒருவன் தள்ளாடினால் அவனுக்கு என்ன நோய் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள், எந்தக் கடை என்றுதான் கேட்பார்கள்.

"காசம் வந்தவன் குடிச்சா நெஞ்சு இன்னாத்துக்கு ஆவும்?" என்று டீக்கடையில் பேசினார்கள். என் காதுபடத்தான் பேசினார்கள். எனக்கு வந்த கோபத்தில் விருட்டென்று திரும்பினேன். திரும்பிய வேகத்தில் பெஞ்சின் மேல் விழுந்தேன். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன சாட்சி வேண்டும்?

செங்கேணி நான் வீட்டுக்குள் வந்ததும் கிட்டே வந்து மோந்து பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. அதில் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

"நாத்தமே இல்லாத சாராயம் எந்தக் கடையில விக்கிறான், அதச் சொல்லு மாமா!"

"குடிக்கலடி. சத்தியமா குடிக்கல."

"அப்ப ஏன் வூட்டுச் செவுத்தப் புடிச்சிக்கினு வர?"

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மைதானத்துக்குப் போய்த் தணிகாசலத்திடம், லேசாக ஓடிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "எங்க, ஊது" என்றார். ஊதினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஏலக்கா கீலக்கா மென்னியா?" என்றார். என்னோடு இத்தனை வருஷம் ஆடியவர். தங்கையைக் கட்டிக் கொடுத்தவர். காசம் என்று சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

அந்த வாரம் கடலூரில் ஒரு ஆட்டம். நீ வராதே என்று சொல்லிவிட்டார். நான் போனேன். பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு, மத்தியானப் பஸ்ஸில் தனியாகப் போனேன். ஆட்டக்காரன் என்று அவர்கள் கண்முன் போய் நிற்க வேண்டும் போலிருந்தது, வேறு காரணம் இல்லை.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும் மதுவிலக்குப் போலீஸார் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். நான் படியில் இறங்கியபோதே ஒரு போலீஸ்காரர்மேல் சாய்ந்தேன்.

"ஊது" என்றார் அவர். ஊதினேன். "வாசனை ஒண்ணும் வரலியே சார்" என்று மேலதிகாரியிடம் சொன்னார்.

"இவனுங்களுக்கு வாசன போக்கத் தெரியாதா? கோடு கிழிச்சு நடக்க வுடு."

லத்தியால் மண்ணில் கோடு கிழித்தார்கள். பஸ் ஜனம் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. நாலாவது அடியில் கோடு ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள். மரம் சாய்கிற மாதிரி விழுந்தேன். ஒரு கிழவர், "பூட்ஸு வேற வெச்சிருக்கான் பாரு, வெளங்குமா ஆட்டம்?" என்றார். பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிற்று.

குடித்திருக்கிறேன் என்று சான்று வாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். நீளமான தாழ்வாரத்தில் கைதியாக உட்கார்ந்திருந்தேன். பணியில் இருந்தது ஒரு லேடி டாக்டர். அவரும் கால்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். விழப் போனேன், அவரே பிடித்துக்கொண்டார். கண்ணைத் திறந்து நிற்கச் சொன்னார். நின்றேன். மறுபடி மூடச் சொன்னார், மறுபடி சாய்ந்தேன்.

"கண்ணத் தொறந்தா நிக்கிறாரு, மூடினா விழறாரு" என்றார் போலீஸ்காரரிடம். "சாராயம் அதெல்லாம் பாத்துக்கிட்டு இருக்காதுய்யா. குடிச்சவன் தொறந்தாலும் விழுவான்." பிறகு என்னிடம், "சமீபத்துல என்ன ஊசி போட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். நான் குடித்திருக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துப் போலீஸ்காரரை அனுப்பிவிட்டு, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். காதுக்குள் கேட்பதற்கு ஒரு நரம்பு இருக்கிறது, நிற்பதற்கும் ஒன்று இருக்கிறது. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். சிலருக்கு இந்த ஊசி அந்த நரம்பைக் கெடுத்துவிடும் என்றார்.

"திரும்ப வந்துடுமா டாக்டர்?"

"அந்த நரம்பு வராது. கண்ணும் காலும் அந்த வேலையக் கத்துக்கும். நாளாகும்."

"பந்தாடலாமா?"

"எப்படி ஆடுவீங்க?"

"நடுவுல. ஓடணும், திரும்பணும்."

"ஓடக்கூட வந்துடலாம்" என்றார். "திரும்பறதுதான் கஷ்டம்."

ஆட்டம் முடிந்து, நான் பிடிபட்ட சேதி கேட்டுத் தணிகாசலம் சட்டையெல்லாம் வேர்வையோடு வந்தார். அறைவதற்குத்தான் வந்தார், கையைப் பார்த்தாலே தெரிந்தது. டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர் பெஞ்சின் மேல் இருந்த என் பூட்ஸ் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது கேட்டார்.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல மாப்ள?"

"சொன்னேன் மச்சான். ஊதுன்னீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. எனக்கும் தாங்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே குடிகாரர்கள் என்று நினைத்திருப்பார்.

நகரத்து டாக்டர் ஊசியை நிறுத்தி மாத்திரையோடு வைத்தியத்தை முடித்தார். இதைப் படிக்கிறவர்களில் அந்த ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இருந்தால், கால் தடுமாறிய முதல் நாளே டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். ஊசி போடுகிறவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ஏரியிலும் குளத்திலும் முங்காதீர்கள். தண்ணீருக்குள் எது மேல், எது கீழ் என்று தெரியாது. இருட்டுவதற்குள் வீடு சேருங்கள், இல்லையென்றால் கையில் விளக்கு இருக்கட்டும்.

கடலூர் டாக்டர் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார். கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் திருப்ப வேண்டும். குமட்டிக்கொண்டு வரும். செங்கேணி எதிரே உட்கார்ந்து, "கண்ணு போவுது பாரு, விரலப் பாரு" என்று அதட்டுவாள். பிறகு வண்டிப் பாதையில் நடந்தேன். பிறகு வரப்பில். காலைப் பார்த்தால் விழுவேன், தூரத்தில் ஒரு பனையைப் பார்த்தால் விழமாட்டேன். சேற்றில் எத்தனையோ தடவை விழுந்தேன். பின்னால் வந்துகொண்டிருந்த அவள், "நாத்து நடறதுன்னா கைய வெச்சு நடு மாமா, ஏன் மொத்தமா வுழுந்து நடற?" என்பாள். மோந்து பார்த்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த சீசன் வந்தது. தணிகாசலம் மேனேஜரிடம் சண்டை போட்டு எனக்கு ஒரு பயிற்சி ஆட்டம் வாங்கிக் கொடுத்தார். முதல் பாதியில் நின்ற இடத்தில் நின்றே ஆடினேன். தரையோடு வந்த பந்தைத் தரையோடு கொடுத்தேன். நன்றாகவே கொடுத்தேன். மூச்சும் வாங்கவில்லை. நோயை ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்துவிட்டேன்.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து உயரமாக வந்தது. அண்ணாந்து பார்த்து, பழக்கத்தில் தோளுக்கு மேலாகத் திரும்பினேன். வானம் ஒரு பக்கமாக வழிந்தது. கண் திறந்தபோது வாயில் மண். எழுந்தேன். அடுத்த உயரப் பந்துக்கும் அதேதான்.

"ஊத்திக்கினு வந்திருக்கான்டா!" என்று வெளியிலிருந்து ஒரு குரல். தணிகாசலம் ஆட்டத்தை விட்டுவிட்டு அவனை அடிக்க ஓடினார். நான் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினேன். "வுடுங்க மச்சான். நான் போறேன்" என்றேன். கோட்டைத் தாண்டி வந்து பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லாரும் பார்க்க அழுதேன். வெட்கப்படவில்லை. ஒருவன் செத்தால் அழுகிறோம், அன்று என் ஆட்டம் செத்தது.

மில்லில் துணியை விரித்து அதில் பழுது இருக்கிறதா என்று பார்க்கிற மேசையில் எனக்கு இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. நெஞ்சு இன்றுவரை சுத்தமாக இருக்கிறது.

இப்போது பிரெஞ்சுக்காரர்களோடு ஒப்பந்தம் முழுதாக முடிந்து, யார் எந்த நாட்டுப் பிரஜை என்று எங்கள் பக்கம் எழுதி வாங்குகிறார்கள். அந்த அதிகாரி விட்டுப் போனதற்கு அப்புறம் புதிதாக ஒரு பத்திரிகையும் எங்கள் கைக்கு வரவில்லை. இத்தாலிக்காரன் அப்புறம் எந்த டீமுக்குப் போனான், எப்போது ஆட்டத்தை விட்டான் என்று எனக்குத் தெரியாது. டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது அவன் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். முன்பு அவன் காலைத்தான் பார்ப்பேன். இப்போது கழுத்தைப் பார்க்கிறேன். அவ்வளவு பெரிய காரியத்தை அவன் யோசிக்காமலே செய்துகொண்டிருக்கிறான்.

முன்பெல்லாம் நான் எல்லாருக்கும் ஒரு நொடி முன்னால் இருந்தவன். பந்து வருவதற்குள் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்திருக்கும். இப்போது ஒரு நொடி பின்னால் இருக்கிறேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் முதலில் நிற்கிறேன், காலை அகட்டி வைக்கிறேன், பிறகு உடம்பு முழுவதையும் மெதுவாகத் திருப்புகிறேன். அதற்குள் பலர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துப் போய்விடுகிறார்கள்.

செங்கேணி மட்டும் "மாமா" என்று கூப்பிட்டுவிட்டு நின்றுகொள்வாள். நான் திரும்பி முடித்து, அவள் முகத்தில் என் கண் நிலைக்கும்வரை சொல்ல வந்ததைச் சொல்லமாட்டாள்.