ரேடியம் கைக்கடிகாரம்

"மொபைல் பந்த் கீஜியே" என்று கோளரங்கத்து ஊழியர் வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அணைக்கலாம் என்று எடுத்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியின் செய்தி வந்தது. 'உங்க அப்பா போயிட்டார்.' இரண்டு முறை படித்தேன். அழுகை வரவில்லை. மொபைலை அணைத்துப் பைக்குள் போட்டேன். ஏசிக் குளிரில் பழைய கம்பள நாற்றம் அடித்தது.

அதே நாற்றம்தான். அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். காலையில் அங்கே போய்விட்டு வந்த அப்பா, முகம் கழுவி, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து என்னை இங்கே அழைத்து வந்தார். கூரை விளிம்பில் தில்லிக் கட்டடங்கள் நிழலாக நின்றன. பொய்ச் சூரியன் அவற்றின் பின்னால் இறங்கியது. இருட்டியதும் அப்பாவின் கைக்கடிகார முட்கள் பச்சையாக ஒளிர்ந்தன. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். துணி வழியாகவும் தெரிந்தது. கையால் மூடிக்கொண்டார்.

"அம்மாவைப் பாக்க எப்பப்பா போவோம்? மணி என்ன?"

"இங்க மணி பாக்கக் கூடாதுடா. மேல பாரு."

ஹிந்திக் காட்சி முடிந்ததும் ஆங்கிலக் காட்சிக்கும் டிக்கெட் வாங்கினார். வீடு திரும்பியபோது வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. காலையிலேயே தெரிந்தும் மறைத்துவிட்டாரே என்று பல வருடங்கள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது விளக்குகள் அணைந்தன. பக்கத்து இருக்கையிலிருந்து மகள் என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, தாத்தாவைப் பாக்க ஜல்தி போகணும்ல? டைம் என்ன?"

"இங்க மணி பாக்கக் கூடாதும்மா" என்றேன். "மேல பாரு."