உரித்தெடுத்த எச்சரிக்கை

என் மகளுக்கு நட்சத்திரம் காட்ட லேசர் சுட்டி ஒன்று வாங்க நினைத்து, சிவப்பா பச்சையா நல்லது என்று புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் என் அண்ணாவிடம் கேட்டேன்.

"சிவப்பு வானத்தில தெரியாது. பச்சையைக் கொண்டு போ, பயமில்லை," என்று கையில் தந்தார்.

அன்று மாலை வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து மகள் தாழ்வாகத் தெரிந்த வெள்ளியை லேசரால் காட்டியபோது, ஒளி எதிர்மாடிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. "அம்மா, கண் கூசுது!" என்று அலறினாள்.

கண்ணுக்குச் சேதமில்லை என்றார் டொக்டர். பிறகு நான் கொண்டுபோன லேசரைத் திருப்பிப் பார்த்து, "எச்சரிக்கை ஸ்டிக்கர் எங்க?" என்றார். அந்த இடத்தில் பசை மட்டுமே இருந்தது.

அண்ணாவிடம் கேட்டேன். "நான்தான் உரிச்சனான். வாசிச்சா நீ வாங்கமாட்டாய். எல்லாத்துக்கும் பயப்பிடுறனி தானே!" என்று சிரித்தார்.

என் பயத்தை நன்கு அறிந்தவரே மறைத்துவிட்டார். இப்போது நட்சத்திரங்களை விரலால்தான் காட்டுகிறேன். எதை வாங்கினாலும் எச்சரிக்கையைத் தேடி வாசிக்கிறேன். அண்ணா தந்தால் இரண்டு தடவை.