பதினாறு அட்டைகள்

1. எம். புதுப்பட்டிக்கு வெளியே, தரிசு நிலத்தில், காற்றாலைக்கு இடம் தேடும் அலுவலகத்திலிருந்து ஒரு காற்றுமானியை நட்டோம்.
2. அந்த ஊர்ப் பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண் ஒருத்தி தினமும் காலையில் அதன் எண்ணை நோட்டில் குறித்து எங்களுக்கு அனுப்பினாள். அவளுக்கு என் வயதுதான்.
3. ஆனி மாதத்தில் ஒருநாள், எண்ணைக் குறித்துவிட்டு வேலைக்குப் போனாள். அவள் இருந்த அறை வெடித்தது.
4. பதினாறு நாள் கழித்து அவளுடைய அக்காவின் கையெழுத்தில் எண்கள் மறுபடி வரத் தொடங்கின.
5. இடைப்பட்ட பதினாறு நாளும் காற்றே வீசவில்லை என்று கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்தது.

ஐந்தாவதற்கு நான்தான் காரணம்.

அறுபதுகளின் நடுவில், மதராஸில் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழி கற்றுக்கொண்டிருந்தேன். நான் எழுதிய முதல் புரோகிராம் சின்னது. அன்றைய காற்றை எண்ணாகத் துளையிட்ட அட்டை, நாளுக்கு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டி, சராசரி காண வேண்டும். சராசரி குறைந்தால் எம். புதுப்பட்டி காற்றாலைப் பட்டியலிலிருந்து போய்விடும். அங்கே வரவேண்டிய காற்றாலை, காலனிக்குக் குடிதண்ணீர் இறைப்பதற்கானது. அதற்காகத்தான் அவள் ஒருநாள் தவறாமல் எண் எழுதினாள்.

காற்றுமானியின் கிண்ணங்கள் சுழலச் சுழல எண் ஏறிக்கொண்டே போகும். நாளைய எண்ணிலிருந்து இன்றைய எண்ணைக் கழித்தால் இன்றைய காற்று. மறுநாள் எண் இல்லாமல் கழிக்க முடியாத நாட்களின் அட்டைகளில் தேதியை மட்டும் துளையிட்டு, மீதியைக் காலியாக விட்டேன். வேறென்ன போடுவதென்று தெரியவில்லை.

அச்சடித்த தாளைப் பார்த்து உடன் வேலை பார்த்தவர் சிரித்தார். "உங்க ஊர்ல காத்துகூட லீவு போடுமா?"

ஆனியில் விருதுநகரில் துணி காயப்போட்ட யாரும் அந்தத் தாளை நம்பமாட்டார்கள். நான் பிறந்த ஊர் அது; புதுப்பட்டிக்குப் பக்கம். பதினாறு பூச்சியங்கள் வரிசையாக நின்றன. முதல் பூச்சியம் அவள் இறந்த நாளுடையது. காலியிடத்தை அந்த மெஷின் பூச்சியமாகப் படிக்கும் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். நானும் எழுதி வைத்திருந்தேன்.

அந்த நாட்களை நீக்கினால் வருடம் முழுமையாகாது. முழுமையில்லாத ஊரை அலுவலகம் எடுத்துக்கொள்ளாது. ஆனால் அவளுடைய கடைசி எண் இருந்தது, அக்காவின் முதல் எண் இருந்தது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பதினாறு நாள் காற்றும் மொத்தமாகக் கிடைத்துவிடும். இடையில் யாரும் கிண்ணங்களை நிறுத்தியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதைக் கேட்கப் போனேன்.

அக்கா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கம்மா. இம்புட்டு தூரம் வெயில்ல வந்திருக்கீக. கடுதாசி போட்டா ஆகாதா?"

நடுவில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"பதினாறாம் நாள் காரியம் முடியுங்காட்டியும் அவ நோட்டை யாரும் தொடல. எங்க வீட்ல அப்படித்தான்."

"காற்றுமானியை?"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கட்டிப்போடச் சொன்னேன். சாவு வீடு வரைக்கும் கீச்சு கீச்சுன்னு கேட்டுச்சு. அவதான் வந்து நிக்கான்னு இருக்கும்."

"கயிறு எடுத்துட்டுப் போனேன்மா," என்றாள் அக்கா. "மேல ஏறிட்டேன். யாரு வந்தாலும் தொடவிடாதன்னு அவ சொல்லிட்டே இருப்பா. எறங்கிட்டேன். உள்ளதைச் சொல்லுதேன், கட்டல. கட்டியிருந்தா தண்ணி வராதோ?"

வராமல் போயிருக்கலாம் என்றேன். அவள் உட்கார்ந்து மறுபடி ஒரு தீப்பெட்டியை எடுத்தாள்.

மதராஸுக்குத் திரும்பி அட்டைகளை மறுபடி துளையிட்டேன். மொத்தத்தைப் பதினாறாகப் பங்கிட்டேன். எல்லா அட்டையிலும் ஒரே எண். அவள் இறந்த அன்று காற்று பலமாக அடித்ததா, ஓய்ந்திருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவளுக்கும் ஒரு பங்குதான். மெஷின் அறையில் அட்டைகள் ஓடும் சத்தத்தில், அந்தப் பதினாறு வரும் இடத்தை எண்ணாமலே அறிந்தேன்.

சராசரி தேறியது. எம். புதுப்பட்டி பட்டியலில் இருக்கிறது. காற்றாலை இன்னும் வரவில்லை. அக்காதான் எண் அனுப்புகிறாள்.