கிணற்றின் பங்கு

நெடுந்தீவின் மேற்குப் பக்கத்தில் ஏழு வீடுகளுக்குப் பொதுவாக ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. வீடுகள் ஏழு என்றாலும் வழக்கத்தில் பங்கு எட்டு. காலை முறையும் மாலை முறையும் வீடுகளுக்கிடையே மாறி மாறி வரும். எட்டாவது பங்கு மத்தியான நேரம். அது கிணற்றுக்கு உரியது. வெயில் உச்சிக்கு ஏறிச் சாயும்வரை அங்கே யாரும் வாளி போடுவதில்லை. ஏன் என்று கேட்டால், அந்த வெயிலில் எவன் நின்று தண்ணீர் அள்ளுவான் என்றுதான் சொல்வார்கள். அந்த ஏழு வீடுகளில் ஒன்றின் சொந்தக்காரரான பஸ்ரியாம்பிள்ளையும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

பஸ்ரியாம்பிள்ளையின் தகப்பன் கடற்றொழிலாளி. மகனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளம் ஆடினால் வாந்தி வந்துவிடும். அதனால் இளவயதிலேயே தீவின் மின்நிலையத்தில் சேர்ந்து, டீசல் இயந்திரத்தைத் துடைக்கத் தொடங்கி, பிறகு அதை இயக்கும் பொறுப்புக்கு வந்தார். டீசல் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து கடலால் வரவேண்டும். காற்றுக் காலத்தில் படகு ஓடாவிட்டால் எண்ணெயும் வராது. அப்போது அவர் எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் வெளிச்சம் என்று பிரித்துக் கொடுப்பார். "பஸ்ரியற்றை மனிசி முகத்தைத் திருப்பினால் தீவுக்கே இருட்டு" என்று கடைத்தெருவில் பகிடி சொல்வார்கள். அவர் சிரித்துவிட்டுப் போவார்.

பிறகு இந்த நாடும் அக்கரை நாடும் சேர்ந்து ஒப்பந்தம் எழுதின. தீவுகளில் டீசலைக் குறைத்து வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுப்பது என்று முடிவாயிற்று. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொருட்கள் வந்தன. வெறும் வெளியாகக் கிடந்த நிலத்தில் சூரியத் தகடுகள் வரிசையாக நின்றன, காற்றாடிகள் எழுந்தன, மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றரிகள் அடுக்கிய இரும்புக் கூடு ஒன்றும் வந்தது. பஸ்ரியாம்பிள்ளையைப் பயிற்சிக்காகத் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வரும்போது, நிலையத்தை ஓட்டிப் பழக்க ராமநாதபுரத்துக்காரரான முருகேசபாண்டி என்ற தொழில்நுட்பவியலாளரும் கூட வந்தார்.

மின்சாரம் நாள் முழுவதும் தடையில்லாமல் வந்தது. தீவு அதைக் கொண்டாடியது. ஆனால் நிலையத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. மத்தியானத்தில் பற்றரி நிரம்பிவிடும். அதற்குமேல் வெயில் கொடுப்பதை வாங்க ஆளில்லை. மாலையில் எல்லோரும் ஒரேயடியாகப் பாவிக்கும்போது பற்றரி இறங்கி, டீசலை மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் இருந்த கூட்டத்தில், பெரிய மின்பாவனையை மத்தியானத்துக்கு மாற்றுமாறு சனத்துக்குச் சொல்லவேண்டும் என்றார்கள். யார் சொல்வது என்று கேள்வி வந்தபோது எல்லோரும் பஸ்ரியாம்பிள்ளையைப் பார்த்தார்கள்.

அவர் அந்த வேலையையும் ஒழுங்காகவே செய்தார். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருவும் ஒழுங்கையுமாகப் போனார். "தண்ணி மோட்டரை மத்தியானத்திலை போடுங்கோ. ஸ்திரி பெட்டியையும் மத்தியானத்திலை போடுங்கோ. வெயில் சும்மா தாற கரண்டை வீணாக்காதேங்கோ." அதுவரை வாளியால் அள்ளிய வீடுகள் மோட்டர் வாங்கின. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள். கூரை உயரத்தில் கறுப்புத் தண்ணீர்த் தாங்கிகள் ஏறின. ஏழு வீட்டுக் கிணற்றுக்குள்ளும் ஏழு குழாய்கள் இறங்கின. முதலாவது குழாய் பஸ்ரியாம்பிள்ளையுடையது. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு ஏழு மோட்டர்களும் ஒன்றாக இரையும்போது, நிலையத்தின் திரையில் பாவனைக் கோடு மேலே எழுவதைப் பார்த்து அவர் சந்தோஷப்படுவார். டீசல் இயந்திரம் வாரக்கணக்காக ஓடாமல் நின்றது.

அந்த வருடம் மாரி மழை பொய்த்தது. அடுத்த ஆவணி பிறந்தபோது அவருடைய மனைவி மேரிஜோசப்பின் குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, பருப்பு அவியுதில்லை."

"பழைய பருப்பாய் இருக்கும்."

"போன கிழமையும் இதைத்தான் சொன்னனீங்கள். புதுப் பருப்பு வாங்கிக்கொண்டு வந்ததும் நீங்கள்தான்."

பருப்பில் பிழையில்லை என்றால் தண்ணீரில்தான் என்று அவர் கிணற்றடிக்குப் போனார். தொட்டியில் ஊற்றியிருந்த தண்ணீருக்கு ஆடுகள் வந்து, மூக்கை வைத்து, குடிக்காமல் நின்றன. ஒன்று மட்டும் நக்கிவிட்டுத் தலையை உதறியது. அவர் ஒரு கை அள்ளி வாயில் விட்டார். உப்பு என்று சொல்ல முடியாது. தண்ணீர் என்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் நிலையத்தில் இதை முருகேசபாண்டியிடம் சொன்னார். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தார்.

"மோட்டர் எத்தனண்ணே ஓடுது, அந்தக் கிணத்துல?"

"ஏழு."

"ஒரே நேரத்துலயா?"

"மத்தியானத்திலை. நாங்கள்தானே சொன்னனாங்கள்."

முருகேசபாண்டி பெட்டியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். "எங்க ஊருக் கடற்கரையிலயும் இப்படித்தாண்ணே. அடியில உப்புத்தண்ணி. அதுக்கு மேல மழைத்தண்ணி மெல்லிசா மிதக்குது, பால்ல ஆடை மாதிரி. மெதுவா எடுத்தா ஒண்ணும் ஆகாது. ஒரேயடியா இழுத்தா அடியில உள்ளது மேல வந்துரும்."

"பிறகு திரும்பி நல்லதாகினதோ?"

"எது?"

"தண்ணி."

"நான் பொறந்ததுல இருந்து லாரித் தண்ணிதாண்ணே குடிக்கிறோம்."

இங்கே லொறித் தண்ணீர் வர வழியில்லை. படகில் வரவேண்டும், கடல் விட்டால் வரும். அன்று முதல் பஸ்ரியாம்பிள்ளைக்குத் திரையில் எழும் கோட்டைப் பார்க்கும்போது கிணற்றுக்குள் எழும் உப்பைப் பார்ப்பதுபோல இருந்தது.

அவர் தன் வீட்டு மோட்டரைக் கழற்றினார். பிறகு வீடு வீடாகப் போனார். முதலில் இளையதம்பியிடம். இளையதம்பி நாட்டின் தெற்கில் நெடுங்காலம் கடை வைத்திருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். இப்போது மிளகாய் நட்டிருந்தார்.

"அண்ணை, மத்தியானத்திலை மோட்டர் போடாதேங்கோ. கிணறு உப்பாகுது. பழையபடி முறைக்கு வருவம், மத்தியானத்தைக் கிணத்துக்கு விடுவம்."

"நீர்தானே மைக்கைப் பிடிச்சுக்கொண்டு போடச் சொன்னனீர்?"

"ஓம், நான்தான். அது பிழை."

"போன ஆவணி போடு எண்டீர். இந்த ஆவணி போடாதே எண்டுறீர். வாற ஆவணி என்ன சொல்லப் போறீர், குடியாதே எண்டோ?"

"மற்ற ஆறு வீடும் விட்டால் நீங்கள் விடுவீங்களோ?"

"மற்றவை விடட்டும் பாப்பம். நான் விட, அந்தத் தண்ணியைக் கமலாதேவி உறிஞ்சிறதுக்கோ?"

கமலாதேவி உல்லாசப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுபவள். தீவில் அலையும் காட்டுக்குதிரைகளைப் பார்க்க வருகிறவர்கள் அவளிடம் தங்குவார்கள். "பஸ்ரி அண்ணை, எனக்கு விளங்குது" என்றாள். "ஆனா வாற சனம் வெயிலுக்குள்ளாலை வந்து ஷவருக்குக் கீழை நிண்டால் வெளியிலை வராதுகள். வாளியிலை குளியுங்கோ எண்டு நான் எப்பிடிச் சொல்லிறது? இளையதம்பியர் மிளகாயை விட்டால் நானும் பாக்கிறன்."

ஆறு வீட்டிலும் இதே பதில்தான், வேறு வேறு முகத்தோடு. ஒருவரும் அவர் சொல்வதைப் பொய் என்று சொல்லவில்லை. எல்லோர் வீட்டிலும் பருப்பு அவியவில்லை. அதனாலேயே, நல்ல தண்ணீர் இருக்கும்போதே தங்கள் தாங்கியை நிரப்பிவிட அவசரப்பட்டார்கள். சிலர் இரண்டாவது தாங்கி வாங்கினார்கள்.

அதிகாரிகளிடமும் சொன்னார். அவர்கள் அக்கறையோடு கேட்டார்கள். இரண்டு நாட்டு நிபுணர்களும் வந்து நிலத்தடி நீரை ஆராய்வார்கள் என்றார்கள். எப்போது என்று கேட்டார். அடுத்த கூட்டம் மார்கழியில் என்றார்கள். மார்கழிக்குள் என்ன மிஞ்சும் என்று அவருக்குத் தெரியும்.

புரட்டாதியில் ஒரு நாள், காலை முழுவதும் நிலையத்துக்குள் அங்குமிங்கும் நடந்துவிட்டு, பஸ்ரியாம்பிள்ளை மேற்குப் பக்க லைனை நிறுத்தவும் விடவும் உள்ள ஆளியின் முன் வந்து நின்றார். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

முருகேசபாண்டி பின்னால் வந்தார். "அண்ணே, வேணாம். வேலைக்கு ஆபத்து. கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"பழுது எண்டு சொல்லுவன்."

"பழுதில்லையே."

"இருக்குத் தம்பி. கிணத்திலை இருக்கு."

அவர் ஆளியை இறக்கினார். திரையில் கோடு விழுந்தது. முருகேசபாண்டி அதைப் பார்த்தார். ஆனால் திரும்ப ஏற்றக் கையை நீட்டவில்லை.

பஸ்ரியாம்பிள்ளை சைக்கிளில் வீட்டுப் பக்கம் போனார். ஒழுங்கைக்குள் திரும்பியதும் நிறுத்தி, காது கொடுத்தார். ஒரு மோட்டரும் இரையவில்லை. கிணற்றடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். குழாய்கள் அசையாமல் தொங்கின. ஆட்டமில்லாமல் நின்ற தண்ணீரில் அவருடைய தலை தெரிந்தது. மேரிஜோசப்பின் வாசலில் நின்று, "நீங்களோ நிப்பாட்டினது?" என்று கேட்டாள். அவர் ஓம் என்று தலையாட்டினார். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூன்று நாட்கள் அப்படியே போயின. மத்தியானம் லைன் விழும். வெயில் சாய்ந்ததும் வரும். சனம் பேசியது. அவர் பழுது என்றார், ஒருவரும் நம்பவில்லை. நான்காம் நாள் ஆளியை இறக்கிவிட்டு அவர் நிலையத்துக் கேற்று வாசலுக்கு வந்தபோது மேற்கிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் படகு என்று நினைத்தார். படகு கடலில் அல்லவா ஓடவேண்டும்?

அவர் போய்ச் சேர்ந்தபோது கிணற்றுக் கட்டில் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மிசின் ஒன்று துள்ளிக்கொண்டு நின்றது. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் இளையதம்பி இரவலாக வாங்கி வந்தது. கறுப்புப் புகை வாழை இலைகளுக்குள் போனது. மின்மோட்டர் மூன்று இழுக்கும் தண்ணீரை அது ஒன்றே இழுத்தது. குழாயின் மறு முனையில் கமலாதேவியின் தாங்கியும் நிரம்பிக்கொண்டிருந்தது. கிணற்றுக் கட்டைச் சுற்றி மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் முறைக்கு நின்றார்கள்.

"உம்மடை கரண்டை நம்பி இருக்க ஏலாது, பஸ்ரி" என்று இளையதம்பி மிசின் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார். "இது எங்கடை கையிலை."

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. இது எல்லாத்தையும் விட மோசம்."

"அப்ப கரண்டை விடும். நிப்பாட்டிறம்."

பஸ்ரியாம்பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். "சத்தியமாய் நிப்பாட்டுவீங்களோ?" என்று கேட்டார். "ஓம் எண்டுறன்" என்றார் இளையதம்பி.

அவர் திரும்பி நிலையத்துக்குச் சைக்கிளை மிதித்தார். பஸ்ரியாம்பிள்ளை ஆளியை ஏற்றினார். கோடு எழுந்தது. அவர் கேற்றடியில் வந்து நின்று மேற்கே காது கொடுத்தார்.

மோட்டர்கள் ஒவ்வொன்றாக இரையத் தொடங்கின. மிசினும் நிற்கவில்லை.