பூனை வாயிலிருந்து பிடுங்கியவை

அடிபட்ட பறவைகளையும் அணில்களையும் தேற்றி வெளியே விடும் வேலையில் இருப்பவர்களுக்கு, அட்டைப்பெட்டியோடு யார் வாசலில் நின்றாலும் உள்ளே என்ன இருக்குமோ என்ற கவலை வந்துவிடும், உங்களுக்கும் அப்படித்தானே?

ரத்தம் வராத காயம்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையொன்றில் வேலை செய்யும் பாபு, ஷிப்ட் முடிந்து ஒரு அணிலோடு வந்தார். முந்தின நாள் பூனையிடமிருந்து பிடுங்கியதாம். ஒரு நாள் தள்ளிப்போனதே ஆபத்து. பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே புள்ளிதான் தெரியும், உள்ளே சீழ் பிடித்துவிடும். ரோமத்தை விலக்கினால் விலாவில் இரண்டு புள்ளிகள். டாக்டர் சொன்ன மருந்தெல்லாம் கொடுத்தும் காலையில் அது எழவில்லை. பாபுவுக்குப் போனில் சொன்னேன். "ரத்தமே வர்லியே மேடம்... பூனை சும்மா வெளாடிக்கினு இருக்குதுன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

கேன்டீன் கூட்டம்

அந்த ஆலை கேன்டீனைச் சுற்றி ஏழெட்டுப் பூனைகள். எதிரே லாரி நிற்கும் ஜல்லித் தரையில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருப்பதையும் பாபுதான் சொன்னார். தரையில் ஓடித் திரியும் குஞ்சுகள் பூனைக்கு எத்தனை நிமிஷம் தாங்கும்? கேன்டீனில் சமைக்கும் செல்வி அக்காவிடம் ஓடி, பூனைகளுக்குச் சோறு போடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "குருவிக்கு நீ கீற. இதுங்களுக்கு என்னை வுட்டா யாரு கீறா?"

பிடிபடாத கடுவன்

அன்று திரும்பிவிட்டேன். யோசித்தால் அக்கா சொன்னதும் சரிதான்; பட்டினி போட்டால் பூனை இன்னும்தான் வேட்டையாடும். மறுநாள் போய், "கருத்தடை ஆபரேஷனுக்கு நான் ஏற்பாடு பண்றேன்க்கா, குஞ்சு பறக்கிற வரைக்கும் காலி ஸ்டோர் ரூமில் வெச்சுச் சோறு போடுங்க" என்றேன். ஒப்புக்கொண்டார். நான் வைத்த கூண்டுகளுக்குள் கருவாட்டு வாசனைக்கு எல்லாப் பூனைகளும் வந்தன, ஒரு கிழட்டுக் கடுவன் பூனையைத் தவிர. அது ஷெட் கூரையில் உட்கார்ந்து, குருவி கத்தும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம், கொஞ்சம் கவனியுங்கள் என்றேன். "ஆளுன்னா ஐடி கார்டு கேட்டு நிறுத்துவேன். பூனையை இன்னா கேக்கறது?"

அக்காவின் போன்

குஞ்சு பொரித்த காலையில் செல்வி அக்காவிடமிருந்து போன். "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வண்டியில் போகும் வழியெல்லாம் என் கண்ணுக்குள் சிதறிக் கிடக்கும் இறகுகளாகத்தான் தெரிந்தது. போய்ப் பார்த்தால், மூன்று குஞ்சுகளும் ஜல்லியில் ஓடிக்கொண்டிருந்தன. தாய்ப்பறவை மேலே வட்டமிட்டு அலறியது. ஓரத்தில் தரையோடு உட்கார்ந்திருந்தார் அக்கா. மடியில் சாக்கு, சாக்குக்குள் திமிறும் கடுவன், கையெல்லாம் ரத்தக் கீறல். "கூண்டை எட்தாம்மா சீக்கிரம், பிச்சிக்கினு கீது. குருவி மேலயும் கை வெக்கக் கூடாது, இது மேலயும் எவனும் கல்லு வுடக் கூடாது!"

மூன்றில் இரண்டு குஞ்சுகள் பறந்துபோயின, மூன்றாவது என்ன ஆனதோ தெரியவில்லை, அக்கா ஊசி போட்டுக்கொண்டார், கடுவனும் மற்ற பூனைகளைப் போலவே ஆபரேஷன் முடிந்து கேன்டீன் வாசலில் சொகுசாகப் படுத்திருக்கிறது, இவர்கள் அத்தனை பேரையும் நினைத்துக் கவலைப்படும் வேலை மட்டும் எனக்கு நிரந்தரமாகிவிட்டது.